கருடன் தூங்கிய மார்கழி

எழுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் இப்போது என்ன வேலை? பிள்ளைகள் பால்கனியில் வாங்கி வைத்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். என் மருமகள் ஒரு செடி வைத்திருக்கிறாள். அடித்தண்டு பானை மாதிரி உப்பியிருக்கும், தலையில் நாலைந்து கிளை, சிவப்பாகப் பூக்கும். பாலைவன ரோஜாவாம். போன மார்கழியில் அதன் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது. ஐயோ பாவம் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோனேன். "ஊத்தாதீங்க அத்தை! குளிர் முடியற வரைக்கும் அது தூங்கும். இப்போ தண்ணி ஊத்தினா அழுகிடும்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏதோ மயக்கம் என்று நினைத்து அவள் சர்க்கரை பார்க்கும் மெஷினைத் தேடி ஓடினாள்.

மயக்கம் ஒன்றுமில்லை. அதே பேச்சை எட்டு ஒன்பது வயதில் நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னவளும் ஒரு மருமகள்தான், எங்கள் அம்மாவுக்கு மருமகள். சொன்னதற்கு அவள் பட்டது மட்டும் வேறு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஆகாச கருடன் கிழங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது வேலியோரம் படரும் கொடி. மண்ணுக்கடியில் பெரிய கிழங்கு வைக்கும். அதைத் தோண்டியெடுத்து மஞ்சள் குங்குமம் தடவி, கயிறு கட்டி வாசல் நிலைக்கு மேலே தொங்கவிடுவார்கள். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காற்றைக் குடித்தே துளிர்க்கும். கண்ணேறு, பில்லி, சூனியம் எது வந்தாலும் வாசலிலேயே தான் வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கிழங்கு துளிர்த்தால் வீடு நன்றாக இருக்கிறது, வாடினால் வீட்டுக்குள் ஏதோ நுழைந்துவிட்டது. ஊரில் அதைக் கிழங்கு என்றுகூடச் சொல்லமாட்டார்கள். "கருடன் எப்பிடி கீறாரு?" என்று வீட்டுப் பெரியவரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பாதையில் பிரியும் ஒரு வண்டித்தடத்தில் எங்கள் ஊர். நயா பைசா வந்த புதிது. அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வெயில் காலத்தில் அம்மா சந்தைக்குப் போய் ஒரு கருடனை வாங்கி வந்தாள். கைக்குழந்தையின் தலையளவு இருந்தது. மேலெல்லாம் வளையம் வளையமாகச் சுருக்கம். ஈர மண்ணும் வேப்பங்கொட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. யாரும் பார்க்காதபோது நாக்கால் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வரை குடித்த தண்ணீரெல்லாம் கசந்தது.

அம்மாவுக்குத் தன் தம்பி மகளை அண்ணனுக்குக் கட்டவேண்டும் என்று ஆசை. நைனாவோ அவளைக் கேட்காமல் மாகறலில் இருந்த தன் சிநேகிதருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

ஆவணியில் கல்யாணம். அப்போது கருடன் நன்றாகத் துளிர்த்து, கொடி கயிற்றைச் சுற்றி ஏறி, ஓட்டு விளிம்பு நெடுகப் படர்ந்திருந்தது. அண்ணி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரும்போது கொடியின் சுருள் ஒன்று அவள் தலைப்பூவில் மாட்டிக்கொண்டது. "கருடனே புடிச்சிக்கினாருடி, இனிமே வுடமாட்டாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். புது மருமகள் பல் தெரியச் சிரிக்கலாமா என்று அம்மா அன்று ராத்திரியே நைனாவிடம் கேட்டாள்.

அண்ணியிடம் எனக்குப் பிடித்தது அவள் உயரம். பரண்மேல் இருக்கும் எதையும் ஏணி வைக்காமல் எடுப்பாள். செய்யாற்றங்கரைக்காரி, வெள்ளத்தில் நீந்துவேன் என்பாள். ஊர்க்கிணற்றில் மூழ்கிப்போன எங்கள் பித்தளைக் குடத்தை ஒரே முக்கில் எடுத்து வந்தாள். அதற்கு அம்மா, "பொம்பளயா இவ?" என்றாள். குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகை விளக்குக்கு அகல் கழுவிக் காயவைத்த சமயம் கருடனின் முதல் இலை மஞ்சளானது. பிறகு வேலை மளமளவென்று நடந்தது. விடிந்து பார்த்தால் கோலத்தின்மேல் இலைகள் விழுந்து கிடக்கும். அம்மா அவற்றைப் பெருக்கித் தள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டு வைத்தாள். பால் வாங்க வருகிறவள், உப்பு விற்கிறவன், எதிர்வீட்டுக்காரி என்று எல்லோருக்கும் முறத்தைக் காட்டினாள். அவர்கள் முறத்தைப் பார்ப்பார்கள், கருடனைப் பார்ப்பார்கள், கடைசியில் அண்ணியைப் பார்ப்பார்கள்.

எங்கள் தெருவில் வேறு இரண்டு மூன்று வாசல்களிலும் கருடன் தொங்கியது. பனிக்காலத்தில் அவையும் காய்ந்துதான் இருந்திருக்கும். அதை யாரும் கவனித்ததில்லை, ஏனென்றால் அந்த வீடுகளில் புது மருமகள் இல்லை. எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே ஒன்று உண்டு. அவளுக்குத் தெரிந்திருக்கும். வேடிக்கை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்குத்தான் வாயை மூடத் தெரியவில்லை. ஒருநாள் முறத்தைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க ஊர்ல வேலி பூரா இதான் அத்தே. பனி எறங்கனா எலய கொட்டிட்டு தூங்கும். சித்திரைல ஒரு மயை பட்டா எயுந்துக்கும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வூட்டக் காக்கற சாமி தூங்குதாம். கேட்டியாமே?" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள். பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். "அத்தத் தூங்க வெச்சவ யாரு?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அது ஏரிக்கரை வரை போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அண்ணியே காரணமானாள். சினை மாடு செத்த கன்று ஈன்றது. நைனாவுக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்தது. அடை வைத்த கோழிமுட்டையெல்லாம் கூமுட்டையாகப் போனது. ஒவ்வொரு மார்கழியிலும் ஏதாவது ஒரு வீட்டில் கன்று செத்துத்தான் பிறக்கும், அடைமுட்டை கெட்டுத்தான் போகும். எங்கள் வீட்டில் மட்டும் அவை கூட்டி எண்ணப்பட்டன.

அம்மா சட்டங்கள் போட்டாள். கருடனுக்குக் கீழே அண்ணி நடக்கக்கூடாது, தோட்டத்துக் கதவு வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். வீட்டுக்குள் சாப்பிடக்கூடாது. வான நீலத்தில் பீங்கான் பூசிய ஓர் இரும்புத் தட்டு அண்ணி பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்தது. விளிம்பில் வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு ரோஜாப் பூ. அந்தத் தட்டில் அம்மா சோற்றைப் போட்டு மாட்டுக் கொட்டகை வாசலில் வைப்பாள். அண்ணி குந்திச் சாப்பிடுவாள். குழம்பு தீர்ந்துபோன நாட்கள் அதிகம். அண்ணன் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தால் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போவான், ஏதோ அவசரம் மாதிரி.

கடைசியில் அம்மா கெடு வைத்தாள். "பொங்கலுக்குள்ள கருடன் துளுக்கணும். துளுக்கலன்னா நீ உங்க நைனா வூட்டுக்குப் போயிடு. எம்புள்ளய நாங்க பாத்துக்கறோம்."

"பொங்கலுக்கு எப்பிடி அத்தே வரும்? சித்திரை வரிக்கும்..."

"அப்போ போவறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கினியா?"

கெடு வைத்ததோடு விட்டாளா? கருடனை எழுப்பவும் ஆரம்பித்தாள். விடியற்காலை ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், சாயங்காலம் ஒரு சொம்பு. வெள்ளிக்கிழமை பால். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி பாவாடை நனைய நனைய என்னைத் தாம்பாளம் பிடித்து நிற்க வைத்து ஊற்றுவாள். ஏற்கெனவே மார்கழிப் பனி. கிழங்கு காயவேயில்லை. சில நாளில் அதன் அடிப்பக்கம் நிறம் மாறி, வாசலில் லேசாக ஒரு புளித்த நாற்றம் வந்தது. "பாத்தியா, பீடை நாத்தம்" என்றாள் அம்மா.

மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள். அப்படி ஒரு மத்தியானம் அண்ணி தோட்டத்து வழியாகச் சுற்றி வாசலுக்கு வந்ததைப் பார்த்தேன். எட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். நெல் அவித்த அடுப்பு கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதன் அருகில் உட்கார்ந்து கிழங்கை மடியில் வைத்து, அழுகின இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அரிவாள்மனையில் அந்த இடத்தை மட்டும் சீவினாள். உள்ளே வெள்ளையாக, நல்லதாக இருந்தது. வெட்டுவாயில் சுண்ணாம்பைத் தடவி, சலித்த சாம்பலைப் பூசி, சூட்டுக்குக் காட்டித் திருப்பித் திருப்பி உலர்த்தினாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை விரட்டவில்லை.

"சாம்பல் வெச்சா துளுக்குமா அண்ணி?"

"துளுக்காது பாப்பா. சாவாம இருக்கும்."

"பொங்கலுக்குள்ள வந்துடுமா?"

"வராது. ஆரு தல கீயா நின்னாலும் வராது."

"அப்போ நீ ஊருக்குப் போயிடுவியா?"

அவள் சாம்பலை ஊதிக்கொண்டிருந்தாள். "போனா இன்னா? இது அயுகிச் செத்துடுச்சின்னு வெச்சிக்க, நான்தான் கொன்னேன்னு ஆயிடும். உசுரோட இருந்தா சித்திரைல துளுத்து வரும். அன்னிக்கு எல்லாருக்கும் தெரியும் நான் பொய் சொல்லலன்னு. இது எனக்கு சாட்சி சொல்லும். உங்க அண்ணன் வந்து கூட்டிக்கினு போவாரு."

அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள். கிழங்கை மறுபடி கட்டி, வெட்டுவாய் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பித் தொங்கவிட்டாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் அதே வேலை. காலையில் அம்மா நனைப்பாள், மத்தியானம் அண்ணி காயவைப்பாள். ஒரே வீட்டில் ஒருத்தி கொல்லவும் ஒருத்தி காப்பாற்றவும் அது நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. இதில் காப்பாற்றுகிறவள் பெயர் பீடை.

போகிக்கு முதல்நாள் அம்மா கருடனுக்குப் புதிதாகக் குங்குமம் வைக்கப் போனாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. திருப்பிப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரத்துணியோடு ஓடி வந்தார்கள்.

"அறுத்துட்டாளே! வூட்டு சாமிய அறுத்து சுண்ணாம்பு வெச்சிட்டாளே!"

நியாயம் சொல்ல அம்மாவின் தம்பியை, என் மாமனைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் பெண் வைத்திருந்த மாமன். அவரைவிட நடுநிலையான ஆள் எங்கே கிடைப்பார்? வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சாமி சமாச்சாரத்துல நாம இன்னா சொல்றதுக்கு கீது?" என்று ஆரம்பித்தார். நைனா தன் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். அவர் வாக்குக் கொடுத்த பெண் அவர் முன்னால் நிற்கிறாள். அவருக்குக் கால்வலி.

அண்ணி ஒன்றையும் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் அறுத்தேன். அயுகிப் போச்சி, அதான். சித்திரை வரிக்கும் என்ன கொட்டாயிலயே இருக்க வுடுங்க. அப்பவும் துளுக்கலன்னா நானே போயிடறேன்" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் ஓரமாக உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். குண்டான் தண்ணீரில் டியூபை அழுத்தி, குமிழி வருகிற இடத்தைத் தேடினான். தலை நிமிரவில்லை. குமிழி வந்தது, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டான். "அம்மா சொல்றத கேளு, பேஜார் பண்ணாத" என்றான். இன்றைக்கு அவன் இல்லை. அவன் சாவுக்கு நான் அழுதேன், ஆனால் அந்த விரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாகறலிலிருந்து அண்ணியின் அப்பா வண்டி கட்டி வந்தார். நல்ல நாள் பெரிய நாளில் பெண்ணைத் திருப்பி அழைத்துப் போக வந்த மனிதர், வீட்டு வழக்கப்படி மாடுகளுக்குக் கொம்பில் நீலமும் சிவப்பும் பூசி, சலங்கை கட்டி ஓட்டி வந்திருந்தார். தெருப் பிள்ளைகள் வண்டி பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அண்ணியின் டிரங்குப் பெட்டியை ஏற்றினார்கள். பீங்கான் தட்டு மட்டும் கொட்டகையிலேயே கிடந்தது. மறுநாளிலிருந்து அம்மா அதில் கோழிக்குத் தவிடு வைத்தாள். கோழிகள் கொத்திக் கொத்தி ரோஜாப் பூ உதிர்ந்துபோய், தட்டு துருப்பிடித்து, எப்போது குப்பைக்குப் போனதென்று தெரியவில்லை.

வண்டி கிளம்பும்போது அண்ணி குனிந்து என் காதில், "தண்ணி ஊத்த வுடாத பாப்பா" என்றாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவள் போன மறுநாளிலிருந்து அம்மா ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இதை அன்றைக்கு நான் பெரிதாக நினைக்கவில்லை. இப்போதுதான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

தை போனது, மாசி போனது. கருடன் சாம்பல் பூசிய கல்லாகத் தொங்கியது. சித்திரையில் ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. ஓடு சூடாக ஆவி விட்டது. அடுத்த சில நாளில் கிழங்கின் தலையில் இரண்டு பச்சை மூக்குகள் எட்டிப் பார்த்தன. முதலில் பார்த்தவள் நான்தான். "அண்ணி சொன்னா மாரியே வந்துடுச்சி! சித்திரைல வந்துடுச்சி!" என்று தெருவெல்லாம் கத்தினேன்.

அம்மா வெளியே வந்தாள். பார்த்தாள். கற்பூரம் கொண்டுவரச் சொன்னாள். "பாத்துக்கோங்கடி எல்லாரும். பீடை போச்சி, கருடன் கண்ணு தொறந்துட்டாரு!" என்றாள். எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தக் கொயந்த கூட சொல்லுது பாரேன், அவ போனாதான் வந்துச்சின்னு" என்றாள். நான் அப்படிச் சொல்லவேயில்லை. இல்லை இல்லை என்று கத்தினேன். அம்மா என் தொடையைக் கிள்ளித் திருகி உள்ளே இழுத்துப் போனாள்.

சேதி மாகறலுக்கும் போயிருக்கிறது. கருடன் துளிர்த்துவிட்டது என்று மட்டும் போயிருக்கிறது, மற்றது போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அண்ணி வந்தாள். யாரும் அழைக்காமல், வெயிலில் அவ்வளவு தூரமும் நடந்தே வந்தாள். தலைவாரிப் பூ வைத்து, கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு மூட்டை வேர்க்கடலை. கொடி அதற்குள் முழ நீளம் வளர்ந்திருந்தது. அவள் எங்களைப் பார்க்கும் முன்னால் அதைத்தான் பார்த்தாள். அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு, பல் தெரிய.

"பாத்தீங்களா அத்தே, நான் சொன்னேனே!"

அம்மா நிலைப்படியில் கை இரண்டையும் இரண்டு பக்கமும் ஊன்றி நின்றாள். "எங்க வந்த?"

"துளுத்துடுச்சே அத்தே."

"நீ போன, அது துளுத்துச்சி. திரும்ப கால வெச்சின்னா காயும். இன்னாத்துக்கு மறுபடியும் வந்து நிக்கற?"

அண்ணிக்கு முதலில் புரியவேயில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "நான் அறுத்து சாம்பல் பூசலன்னா இது செத்தே போயிருக்கும் அத்தே. பாப்பாவ கேளுங்க" என்றாள். கூடிவிட்ட பெண்களில் ஒருத்தி, "அவளே ஒத்துக்கறா பாரு, அறுத்தேன்னு" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. நைனா வயலுக்குப் போனவர் அன்று இருட்டும் வரை வரவில்லை. அண்ணன் வீட்டுக்குள்தான் இருந்தான், அவன் சைக்கிள் வாசலில் நின்றது. அண்ணி அந்தச் சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கருடனைப் பார்த்தாள். அவளுக்காகச் சாட்சி சொல்ல வேண்டியது பச்சைப் பசேலென்று அவளுக்கு எதிராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடலை மூட்டையைக் கீழே வைத்தாள். ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வந்த வழியே நடந்தாள். அதன்பிறகு நான் அவளைப் பார்த்ததில்லை.

கடலையை அம்மா வறுத்தாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

வைகாசியிலேயே மாமன் மகள் வீட்டுக்கு வந்தாள், அண்ணனுக்குப் பெண்டாட்டியாக. கொடி ஓட்டு விளிம்பு நெடுகப் படர்ந்திருந்தது. புது அண்ணி நல்லவள்தான், குட்டையாக, பயந்த சுபாவம். முன்வாசல் வழியாகத்தான் வந்தாள், போனாள். ஐப்பசியில் முழுகாமல் இருந்தாள். அம்மா அவளைத் தரையில் கால் படாமல் வைத்துக்கொண்டாள்.

மறுபடி கார்த்திகை வந்தது, அகல்கள் கழுவிக் காயவைத்திருந்தோம். விடியற்காலை கோலம் போட வாசலுக்குப் போன புது அண்ணி அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். கையில் நாலைந்து மஞ்சள் இலைகள். போன மருமகளின் கதை அவளுக்குத் தெரியாதா என்ன? "அத்தே, நான் ஒண்ணுமே பண்ணல அத்தே, சாமி சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணல" என்று அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா குனிந்து அவளைத் தூக்கினாள். அவள் கையிலிருந்த இலைகளை வாங்கி, முறத்தைத் தேடாமல், அப்படியே தோட்டத்துப் பக்கம் எருக்குழியில் வீசினாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இதுக்கு ஏன்மே அயற, வயித்துப் புள்ளக்காரி? ஒண்ணும் இல்ல. பனிக்கு அது தூங்கும். சித்திரைல ஒரு மயை பட்டா தானா எயுந்துக்கும். தண்ணி கிண்ணி ஊத்தி வெச்சிடாத, அயுகிடும்."